நெஞ்சுவலியும் ஏணிப்படியும்: மாஹிம், தாராவிப் பகுதியில் அவசர ஊர்தியின் வரலாறு

பம்பாயின் வடக்கு விளிம்பில் இருந்த மாஹிமையும் கழிமுகத்துக்கு அப்பாலிருந்த பாந்த்ராவையும் இணைக்கும் தரைப்பாலம் 1840களில் கட்டப்பட்டபோது, அதற்குத் தேவைப்பட்ட பணத்தில் 1,57,000 ரூபாயைப் பார்சி வணிகர் ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாயின் மனைவி அவாபாய், கடப்பவர்களிடம் சுங்கம் வாங்கக் கூடாது என்ற நிபந்தனையுடன் கொடுத்தார். அதே பத்தாண்டில் அவருடைய கணவர் ஒரு லட்சம் ரூபாய் கொடுத்து, கிழக்கிந்தியக் கம்பெனி அரசுடன் சேர்ந்து, நகரின் தெற்குப் பகுதியில் இன்று ஜே.ஜே. என்று அழைக்கப்படும் மருத்துவமனையை உருவாக்கினார். சாலையும் மருத்துவமனையும் ஒரே குடும்பத்தின் கொடையாக ஏறக்குறைய ஒரே காலத்தில் எழுந்தன. ஆனால் அந்தச் சாலை வழியே நோயாளியை அந்த மருத்துவமனைக்குக் கொண்டு சேர்ப்பது யார் பொறுப்பு என்ற கேள்வியை அப்போது யாரும் எழுப்பவில்லை. டோலியோ மாட்டுவண்டியோ பிடித்து நோயாளியைத் தூக்கிச் செல்வது குடும்பத்தின் கடமையாகவே கருதப்பட்டது. அந்த எண்ணம் நகரை விட்டு நீங்க ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

நோயாளியை ஏற்றிச் செல்லும் வண்டி அரசின் பெயரில் பம்பாய்த் தெருக்களுக்குள் பெருமளவில் நுழைந்தது 1896ஆம் ஆண்டின் பிளேக் காலத்தில்தான். அவ்வாண்டு செப்டம்பரில் மாண்ட்வி பகுதியில் மருத்துவர் அகாசியோ வியேகாஸ் நோயை அடையாளம் கண்டதும், நகராட்சி வீடுவீடாகச் சோதனை நடத்தி, நோயுற்றவர்களை ஆர்தர் சாலைத் தொற்றுநோய் மருத்துவமனைக்கு அப்புறப்படுத்தத் தொடங்கியது. மருத்துவமனைக்குப் போனவர் திரும்புவதில்லை என்ற அச்சம் பரவியதால் மக்கள் நோயாளிகளை ஒளித்து வைத்தனர். அக்டோபரில் ஆலைத் தொழிலாளர்கள் திரண்டு வந்து அந்த மருத்துவமனையையே தாக்கினர். அன்றைய வண்டியின் நோக்கம் நோயாளியைக் காப்பதைக் காட்டிலும், அவரிடமிருந்து ஊரைக் காப்பதாகவே இருந்தது என்பதால் அந்தச் சினத்தைப் புரிந்துகொள்வது கடினமன்று. வண்டிக்குள் சிகிச்சை என்று எதுவும் நடக்க வேண்டியதில்லை. ஏற்றுவதும் இறக்குவதுமே வேலை. பின்னர் வந்த பல பத்தாண்டுகளிலும், பிளேக் மறைந்த பிறகும்கூட, வண்டியைப் பற்றிய இந்தக் கருத்து அதிகம் மாறவில்லை.

இதற்கிடையில் மாஹிமுக்குக் கிழக்கே, கழிமுகச் சதுப்பை ஒட்டியிருந்த தாராவி வேகமாக நிரம்பியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கு எழுந்த தோல் பதனிடும் தொழிற்கூடங்களை நாடித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து குடியேறிய தமிழர்கள், கோலி மீனவர்களுக்கும் குஜராத்திலிருந்து வந்த குயவர்களுக்கும் அருகில் தங்கள் தெருக்களை அமைத்துக்கொண்டனர். மருத்துவமனைகளும் மெல்ல வடக்கு நோக்கி நகர்ந்தன. பரேலில் 1926இல் கே.இ.எம். மருத்துவமனை திறக்கப்பட்டது, 1947இல் சயானில் ராணுவப் பாசறைக் கொட்டகைகளில் ஐம்பது படுக்கைகளுடன் தொடங்கிய நகராட்சி மருத்துவமனை, பின்னாளில் லோக்மான்ய திலகர் பெயரைப் பெற்று, ஆயிரத்துக்கும் அதிகமான படுக்கைகளுடன் வளர்ந்தது. தாராவிக்காரர்களுக்கு அது என்றும் சயான் ஆஸ்பத்திரிதான்; தாராவிக்குள் அது நடத்தும் நலவாழ்வு மையம் ‘சோட்டா சயான்’, அதாவது சின்னச் சயான். மாஹிம் கடற்கரையோரம் இந்துஜா மருத்துவமனையும் எழுந்தபின், தாராவியின் பெரும்பாலான சந்துகளிலிருந்து ஏதேனும் ஒரு பெரிய மருத்துவமனை இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. வரைபடத்தை மட்டும் பார்ப்பவருக்கு, நெஞ்சுவலி வந்த ஒருவர் மருத்துவம் கிடைக்காமல் இறப்பதற்கு இந்தியாவிலேயே மிகக் குறைந்த வாய்ப்புள்ள இடங்களில் ஒன்றாக இது தோன்றும். வரைபடம் தவறவில்லை, அது நேரத்தைக் காட்டுவதில்லை என்பதே குறை.

மாரடைப்பில் நேரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை மருத்துவ உலகமே தாமதமாகத்தான் உணர்ந்தது. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டு செல்லும் தமனியை ரத்தக்கட்டி அடைத்துவிட்டால், அதற்கு அப்பாலுள்ள தசை சிறிது சிறிதாகச் செயலிழக்கிறது. இது மணிக்கணக்கில் நடக்கும் சேதம். ஆனால் அடைப்பு ஏற்பட்ட முதல் மணி நேரத்திலேயே, அந்தத் தசையில் எழும் மின் குழப்பத்தால் இதயம் துடிப்பதை விட்டு வெறுமனே நடுங்கத் தொடங்கிவிடலாம். வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் என்று சொல்லப்படும் இந்த நிலையில் ரத்த ஓட்டம் நின்றுவிடுவதால், யாரும் மார்பை அழுத்திக்கொடுக்காவிட்டால், கடக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு ஏழு முதல் பத்து விழுக்காடு வரை குறைகிறது. பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த கௌவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகியோர் மார்பைத் திறக்காமலே கைகளால் அழுத்தி ரத்த ஓட்டத்தைத் தக்கவைக்கலாம் என்று 1960இல் நிறுவினர். அதையடுத்த ஆண்டுகளில் நேர்மின் அதிர்ச்சியால் இதயத்தை ஒழுங்குக்குக் கொண்டுவரும் டிஃபிப்ரிலேட்டர் கருவியைப் பெர்னார்ட் லவுன் செம்மைப்படுத்தினார். இரண்டுமே மருத்துவமனைக்குள் நின்றுவிட்டால், வழியில் இறப்பவருக்கு அவற்றால் பயனில்லை என்பதை உணர்ந்தவர் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் பணிபுரிந்த ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ். 1966இல் அவர் கார் பேட்டரிகளால் இயங்கும், ஏறத்தாழ எழுபது கிலோ எடையுள்ள டிஃபிப்ரிலேட்டரை ஒரு பழைய ஆம்புலன்சில் ஏற்றி, மருத்துவரையும் செவிலியரையும் அதனுடன் அனுப்பத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அவரும் ஜான் கெடெஸும் லான்செட் இதழில் வெளியிட்ட கட்டுரை, பதினைந்து மாதங்களில் 312 நோயாளிகளை ஏற்றி வந்ததில் ஒருவர்கூட வழியில் இறக்கவில்லை என்று தெரிவித்தது. நோயாளி மருத்துவமனை வாசலை அடைந்தபின் சிகிச்சை தொடங்கும் என்ற பழைய முறை, அந்த ஒரு கட்டுரையால் கேள்விக்குள்ளானது.

பம்பாய் இதயநோய் மருத்துவத்தில் பின்தங்கிய நகரம் அன்று. கே.இ.எம். மருத்துவமனையில் பணியாற்றிய ருஸ்தம் ஜால் வகீல், சர்ப்பகந்தா மூலிகை ரத்த அழுத்தத்தைக் குறைப்பதைப் பற்றி 1949இல் எழுதிய ஆய்வுக்காக 1957இல் லாஸ்கர் விருது பெற்றார். தென்னாப்பிரிக்காவில் கிறிஸ்டியான் பார்னார்ட் உலகின் முதல் மனித இதயமாற்று அறுவையைச் செய்து பதினொரு வாரங்கள்கூட முழுதாகக் கழியாத 1968 பிப்ரவரியில், அதே கே.இ.எம்.மில் பிரபுல்ல குமார் சென் தலைமையிலான குழு அந்த அறுவையைச் செய்து முடித்தது. நோயாளி சில மணி நேரமே உயிர் வாழ்ந்தார் என்றாலும், ஆசியாவில் அதற்கு முன் எவரும் அதை முயன்றதில்லை. ஒருவர் இதயத்தை எடுத்து மற்றொருவர் மார்பில் பொருத்தும் கூடம் பரேலில் இருந்த அதே ஆண்டில், அங்கிருந்து ஐந்தாறு கிலோமீட்டரில் தாராவியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவருக்குக் கிடைத்த ஊர்தி கருப்பு மஞ்சள் டாக்சிதான். மாஹிம் தரைப்பாலத்துக்குத் தெற்கே ஆட்டோவுக்கு இன்றுவரை அனுமதி இல்லாததால் அந்த டாக்சியும் உடனே கிடைக்கும் என்ற உறுதியில்லை. நகரில் ஆம்புலன்ஸ்கள் இல்லாமலில்லை. அறக்கட்டளைகளும் கணபதி மண்டல்களும் அரசியல் கட்சிக் கிளைகளும் நன்கொடையாக வாங்கி நிறுத்திய வண்டிகள் பேட்டைதோறும் இருந்தன. அவற்றில் ஒரு ஸ்ட்ரெச்சரும் ஓர் ஆக்சிஜன் சிலிண்டரும் இருக்கும், பக்கவாட்டில் கொடையாளியின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும், பின்னால் நோயாளியுடன் உட்காரப் பயிற்சி பெற்ற ஒருவர் மட்டும் இருக்க மாட்டார். கொடை என்றால் கண்ணுக்குத் தெரியும் பொருளாக இருக்க வேண்டும் என்ற நகரத்தின் பழக்கம், ஊதியமும் பயிற்சியும் கேட்கும் மனிதரைக் கொடையின் கணக்கில் சேர்க்கவே இல்லை.

தாமதத்தின் பெரும்பகுதி ஊர்தியைக் கூப்பிடும் முன்பே கழிந்துவிடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். நடுமார்பில் தோன்றும் அழுத்தத்தை வாயுத்தொல்லை என்று எடுத்துக்கொண்டு சோடா குடிப்பது, சீரகத் தண்ணீர் குடிப்பது, மார்பில் தைலம் தேய்ப்பது, பிறகு தெருமுனை டாக்டரிடம் போய் ஒரு ஊசி போட்டுக்கொள்வது, ஈசிஜி வசதி இல்லாத அந்தக் கிளினிக்கிலிருந்து ஒரு நர்சிங் ஹோமுக்கும் அங்கிருந்து, முன்பணம் கட்ட வழியில்லாமல், நகராட்சி மருத்துவமனைக்கும் போவது என்ற வரிசை தமிழ்நாட்டின் எந்த ஊருக்கும் அந்நியமானதன்று. தாராவியில் தினக்கூலி இழப்பும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது. இந்தியாவின் ஐம்பது நகரங்களில் 89 மருத்துவமனைகளிலிருந்து 20,468 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி 2008இல் லான்செட்டில் வெளியான கிரியேட் பதிவேடு, வலி தொடங்கியதற்கும் மருத்துவமனை அடைந்ததற்கும் இடைப்பட்ட நடுநிலை நேரம் 360 நிமிடங்கள் என்று காட்டியது. உள்ளே வந்தபின் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து ஏற்றுவதற்கு ஆன நேரமோ 50 நிமிடங்கள்தான். மருத்துவமனைகள் மெத்தனமாக இருக்கின்றன என்ற பொதுப் புகாருக்கு இந்த எண்கள் வேறு திசை காட்டுகின்றன: இழக்கப்பட்ட ஆறு மணி நேரமும் வாசலுக்கு வெளியே இழக்கப்பட்டது.

அந்த வெளிப்பக்கம் தாராவியில் எப்படி இருக்கிறது என்பதை நெருங்கிப் பார்த்தால்தான் ஆம்புலன்ஸ் பணியாளரின் வேலை விளங்கும். தொண்ணூறு அடிச் சாலை, அறுபது அடிச் சாலை என்று அகலத்தாலேயே பெயர் பெற்ற பெருஞ்சாலைகள் வரைதான் வண்டி வர முடியும்; அதற்கு உட்புறம் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் தோளைத் திருப்பி ஒதுங்க வேண்டிய சந்துகள், தலைக்குமேல் மின்கம்பிகள், காலடியில் சாக்கடை மூடிய பலகைகள். பல வீடுகள் ஓர் அறையின் மேல் ஓர் அறையாக அடுக்கப்பட்டவை. மேலறைக்குச் செல்வது வெளிச்சுவரில் சாய்த்துப் பற்றவைத்த, ஏறக்குறைய செங்குத்தான இரும்பு ஏணி வழியே. சக்கர ஸ்ட்ரெச்சர் இங்கே பயனற்றது. மடக்கு நாற்காலியில் உட்காரவைத்து இறக்கலாம் என்றால் ஏணியின் அகலம் போதாது. எனவே போர்வையில் கிடத்தி, மேலே இருவரும் கீழே இருவருமாக, பெரும்பாலும் அண்டைவீட்டு இளைஞர்களின் கைகளால்தான் நோயாளி இறங்குகிறார். இதயம் நின்றுவிட்டவருக்கு நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, இடைவிடாமல் மார்பை அழுத்த வேண்டும் என்கிறது விதி; ஏணியில் அது முடியாது. ஆகவே அறையிலேயே நின்று அழுத்தி, மின் அதிர்ச்சி கொடுத்து, துடிப்பு திரும்பியபின் இறக்குவதா, அல்லது உடனே இறக்கி ஓடுவதா என்பதைக் குடும்பத்தார் சூழ்ந்து அழும் அந்த அறையில், சில நொடிகளில் முடிவு செய்ய வேண்டியவர் ஆம்புலன்சில் வந்தவர். நோயாளி நினைவோடு இருந்தால் வேலை வேறு: ஆஸ்பிரினை மென்று விழுங்கச் செய்வது, ரத்த அழுத்தம் பார்த்த பிறகே நாவுக்கடியில் மாத்திரை வைப்பது, ஈசிஜி எடுப்பது, படியில் அவரை நடக்க விடாமல் தடுப்பது. நடந்தே வந்துவிடுகிறேன் என்று எழுந்து நிற்கும் நோயாளியை உட்காரவைப்பதே இவற்றில் கடினமானது.

இத்தகைய முடிவுகளை எடுக்கக்கூடிய ஒருவரை வண்டியில் அனுப்பும் முயற்சி மும்பையில் 2005ஆம் ஆண்டை ஒட்டி, இளம் தொழில்முனைவோர் சிலர் லண்டன் ஆம்புலன்ஸ் சேவையின் ஒத்துழைப்புடன் தொடங்கிய 1298 என்ற அழைப்பெண் சேவையாக உருவெடுத்தது. சிகித்சா என்ற நிறுவனமாக வளர்ந்த அதன் கட்டண முறை கவனத்துக்குரியது: நோயாளியின் வருமானத்தை விசாரிக்காமல், அவர் எந்த மருத்துவமனைக்குப் போகிறார் என்பதைக் கொண்டே கட்டணம் முடிவானது, தனியார் மருத்துவமனைக்குச் செல்பவர் முழுக் கட்டணம் கொடுக்க, அரசு மருத்துவமனைக்குச் செல்பவர் குறைத்துக் கொடுக்க, விபத்தில் சிக்கியவருக்கு இலவசமாயிற்று. இந்துஜாவுக்குப் போகும் வண்டி சயானுக்குப் போகும் வண்டிக்குப் படியளந்தது என்று சொன்னால் மிகையாகாது. எனினும் நகரத்தின் அளவுக்கு அந்த வண்டிகள் சிலவே. 2006 ஜூலை 11ஆம் நாள் மாலை புறநகர் ரயில்களில் அடுத்தடுத்து ஏழு குண்டுகள் வெடித்தபோது, மாஹிம், மாட்டுங்கா ரோடு நிலையங்களும் அந்த வரிசையில் இருந்தன. காயமடைந்தவர்களைப் பெருமளவில் தூக்கிச் சென்றவர்கள் தண்டவாளத்தை ஒட்டி வாழ்ந்த மக்களே, வீட்டிலிருந்து எடுத்து வந்த படுக்கை விரிப்புகளில். அந்த மாலை மும்பைவாசிகளின் மனவலிமைக்குச் சான்றாகப் பலமுறை புகழப்பட்டிருக்கிறது. புகழ்ச்சியில் தவறில்லை, ஆனால் படுக்கை விரிப்பு தேவைப்பட்டதற்கான காரணம் அந்தப் புகழ்ச்சிக்குள் மறைந்துபோனது.

மாநில அரசின் இலவசச் சேவை மகாராஷ்டிரத்தில் 2014 ஜனவரி 26இல்தான் தொடங்கியது. ஆந்திரத்தில் 2005 ஆகஸ்ட் 15இலும் தமிழ்நாட்டில் 2008 செப்டம்பர் 15இலும் நடைமுறைக்கு வந்திருந்த அதே 108 என்ற எண்ணுடன், 937 வண்டிகள் கொண்டு அது அமைந்தது. அவற்றில் 233 வண்டிகள் டிஃபிப்ரிலேட்டரும் செயற்கை சுவாசக் கருவியும் கொண்ட உயர்நிலை வகை. ஊரில் அம்மா அப்பாவுக்காக 108ஐக் கூப்பிட்டுப் பழகிய தாராவித் தமிழருக்கு எண் புதிதன்று, வருபவர்தான் வேறு. தமிழ்நாட்டில் வண்டியில் வருபவர் அவசர மருத்துவப் பணிக்கென்றே பயிற்றுவிக்கப்பட்ட நுட்பாளர், அதாவது இஎம்டி. ஓட்டுநரை அங்கே ‘பைலட்’ என்பார்கள். மகாராஷ்டிரமோ ஒவ்வொரு வண்டியிலும் ஒரு மருத்துவரை அமர்த்தும் முறையைத் தேர்ந்தது. அவர்களில் பலர் ஆயுர்வேதம் போன்ற இந்திய மருத்துவ முறைகளில் பட்டம் பெற்று, அவசரச் சிகிச்சையில் தனிப்பயிற்சி எடுத்தவர்கள். மருத்துவர் என்ற சொல்லுக்கு நம் சமூகத்தில் உள்ள மதிப்பு இந்தத் தேர்வுக்குப் பின்னால் இருக்கிறது. ஆனால் இருட்டுச் சந்தில் ஈசிஜி ஒட்டுவதும் ஏணியில் ஆளை இறக்குவதும் எந்தப் பட்டப்படிப்பிலும் சொல்லித்தரப்படாத தனித்தொழில் என்பதையும், அதைத் தன் வாழ்நாள் வேலையாகக் கொள்பவருக்கும் மேற்படிப்புக்கோ சொந்தக் கிளினிக்குக்கோ காத்திருக்கும் இடைவெளியில் செய்பவருக்கும் வேறுபாடு உண்டு என்பதையும் அந்த முறை கணக்கில் கொள்ளவில்லை. நெரிசலான பகுதிகளுக்கென 2017 ஆகஸ்டில் மும்பையில் அறிமுகமான மோட்டார் சைக்கிள் ஆம்புலன்ஸ், சந்துக்குள் நுழைய முடியாத சிக்கலை ஓரளவு தீர்த்தது. அது மருந்தையும் கருவியையும் கொண்டு வரும், நோயாளியைக் கொண்டு போகாது.

மருத்துவர் அல்லாதவரை இந்த வேலைக்கு நம்பலாமா என்ற ஐயத்துக்கு வரலாற்றில் தெளிவான விடை ஒன்று உண்டு. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 1960களில் நோயாளிகளைக் காவல்துறை வேன்களும் ஈமச்சடங்கு நிறுவனங்களின் வண்டிகளும்தான் ஏற்றிச் சென்றன. அங்கே ஹில் டிஸ்ட்ரிக்ட் என்ற ஏழைப் பகுதியில் வேலைக்கே லாயக்கற்றவர்கள் என்று ஒதுக்கப்பட்ட கருப்பின இளைஞர்களைத் தேர்ந்து, செயற்கை சுவாச முறையின் முன்னோடியான பீட்டர் சஃபார் ஏறத்தாழ 300 மணி நேரம் பயிற்றுவித்து 1967இல் உருவாக்கிய ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் சேவை, அந்நாட்டின் பாராமெடிக் தொழிலுக்கு மாதிரியாயிற்று. தங்கள் தெருவை அறிந்தவர்கள், தங்கள் மக்களின் பேச்சைப் புரிந்தவர்கள், எந்த வீட்டுக்கு எந்தப் பக்கம் படி என்று கேட்காமலே தெரிந்தவர்கள் அவர்கள். நகர நிர்வாகம் 1975இல் சொந்தச் சேவையைத் தொடங்கி அவர்களை ஓரங்கட்டியது என்பது அந்த வரலாற்றின் கசப்பான பகுதி. ஏணியிலிருந்து நோயாளியை இறக்கும் கலையைப் பிறந்தது முதல் கற்றிருக்கும் தாராவி இளைஞர்களை முன்வைத்து இதுபோன்ற ஒன்றை மும்பை முயன்று பார்த்திருக்கலாம்.

வண்டி ஒழுங்காக இயங்கினால் மட்டும் போதாது, அது எங்கே போய் நிற்கிறது என்பதும் முக்கியம் என்பதைத் தமிழ்நாடு நிரூபித்தது. ஈசிஜியில் எஸ்டி என்னும் பகுதி மேலெழுந்து காட்டும் வகை மாரடைப்பு, தமனி முழுதாக அடைபட்டதன் அடையாளம். சுருக்கமாக ஸ்டெமி எனப்படும் இவ்வகை நோயாளிகளுக்காகக் கோயம்புத்தூரின் தாமஸ் அலெக்சாண்டரும் சென்னையின் அஜித் முல்லசாரியும் முன்னின்று வகுத்த திட்டத்தில், சிறு மருத்துவமனை கட்டியைக் கரைக்கும் மருந்தை முதலில் ஏற்றிவிட்டு, ஆஞ்சியோபிளாஸ்டி வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு 108 வண்டியில் நோயாளியை அனுப்பும். ஈசிஜி முன்கூட்டியே அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். நான்கு தொகுப்புகளில் 2,420 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2017இல் வெளியிடப்பட்ட முடிவு, ஓராண்டுக்குள் இறந்தோர் விகிதம் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 ஆகக் குறைந்ததைக் காட்டியது. புதிய மருந்தோ புதிய கருவியோ அதில் இல்லை. இருந்தவற்றை ஒன்றோடொன்று இணைத்ததே மாற்றம். அதற்கு வேண்டிய சிறு கருவிகளை மும்பை வெளியூரில் தேட வேண்டியதுமில்லை. செம்பூரை அடுத்த டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம், கைபேசி வழியே ஈசிஜியை அனுப்பும் கையடக்கக் கருவியை உருவாக்கித் தொழில்நுட்பத்தையும் பிறருக்குக் கைமாற்றியிருக்கிறது.

தொழிலுக்கான சட்ட அங்கீகாரம்தான் கடைசியாக வந்தது. அவசர மருத்துவம் மருத்துவர்களுக்கான தனித்துறையாக இந்திய மருத்துவக் குழுவால் 2009இல் ஏற்கப்பட்டது. வண்டியில் வருபவருக்கோ, எந்தப் பதிவேட்டிலும் இடமில்லாமல் மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021இல் நிறைவேறியபோது, அதன் அட்டவணையில் அவசர மருத்துவத் தொழில்நுட்பாளர் என்ற பிரிவு, அடைப்புக்குறிக்குள் பாராமெடிக் என்ற சொல்லுடன், இடம்பெற்றது. பட்டம் பெற்ற சுகாதாரத் தொழில்வல்லுநர் என்று பதிவு செய்ய அச்சட்டம் கேட்பது குறைந்தது 3,600 மணி நேரக் கல்வி; துணைநிலையினருக்கு 2,000 மணி நேரம். பதிவேட்டை நடத்த வேண்டியவை மாநிலக் குழுக்கள். அந்தப் பதிவேட்டில் பெயர் ஏறும் வரை, மாஹிமிலும் தாராவியிலும் நோயாளியின் மார்பில் கைவைப்பவர் தன் பணி அடையாள அட்டையையும் தன்னை அனுப்பிய நிறுவனத்தின் ஒப்பந்தக் காலத்தையும் நம்பியே ஏணி ஏற வேண்டியிருக்கிறது.